நண்டுமேட்டுக்குப் பேருந்து வந்த நாள்

உப்புக் காற்றும் உழைப்பின் வியர்வையும் ஒன்றாய்க் கலந்து மணக்கும் இந்த நண்டுமேட்டில், நாற்காலி போதாமல் நடுத்தெருவிலும் பாய் விரித்துக் கூடியிருக்கும் இந்தப் பெருவிழாவுக்குத் தலைமை ஏற்று, ஏழு மாலைகளின் எடையால் கழுத்தைத் திருப்ப முடியாமல் வீற்றிருக்கும் ஊர்த் தலைவர், பெரியவர் லோகநாதன் அவர்களே!

வெயிலுக்கும் விதிக்கும் வளையாதவர் என்று பெயரெடுத்து, ஆனால் இந்த ஊரின் வீதியில் மட்டும் வளைந்து குனிந்து நின்ற பெருமைக்குரிய, பேருந்து வழித்தட அதிகாரி அசோகன் அவர்களே!

காசிமேட்டு ஏலத்தில் கருக்கலிலேயே குரல் கொடுத்து, கூடையைத் தலையிலும் குடும்பத்தைத் தோளிலும் சுமந்து, திருவொற்றியூர்த் தெருவெல்லாம் திரிந்து வந்தும் சிரித்த முகம் மாறாத தாய்மார்களே! கரையில் அமர்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டே நாட்டு நடப்பையும் பழுது பார்க்கும் பெரியோர்களே! பந்தலில் இடம் இல்லாததால் தண்ணீர் லாரியின் தலையில் ஏறி அமர்ந்திருக்கும் இளஞ்சிங்கங்களே! தம்பிகளே, கீழே இறங்குங்கள். அந்தத் தண்ணீரைத்தான் நாளை நீங்கள் குடிக்கப் போகிறீர்கள்.

உங்கள் அத்தனை பேருக்கும், வியாசர்பாடியில் பிறந்து, வியாசர்பாடியில் வளர்ந்து, ஒலிபெருக்கியைக் கண்டால் ஒதுங்கிப் போகத் தெரியாத தமிழாசிரியை ரமாபாயின் தலை தாழ்ந்த வணக்கம்!

"இன்னா டீச்சரு, புக்கு படிக்கிற மாரியே பேசிக்கினு கீற?" என்று அங்கே ஒரு குரல். யாரது? பட்டம்மாள் அக்காவா? அக்கா, என் வூட்டிலும் நான் உன்ன மாரிதான் பேசுவேன். ஆனால் மேடை என்று ஒன்று போட்டு, மாலை என்று ஒன்று சூட்டி, மைக்கு என்று ஒன்றைக் கையில் கொடுத்த பிறகு, மணக்க மணக்கத் தமிழ் பேசாமல் போனால் இந்த மாலைக்கு மரியாதை என்ன? கொஞ்சம் பொறுத்துக்கொள். மூச்சு வாங்கும்போது நானே இறங்கி வருகிறேன்.

அன்புடையீர்! தலைவர் என்னைப் பேச அழைத்தபோது என்ன சொன்னார்? "நம்ம ஊருக்குப் பஸ்சு வாங்கிக் குடுத்த டீச்சரு" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் கூச்சமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கைதட்டலை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? இல்லை! ஒரு நாளும் இல்லை! ஏன் தெரியுமா? இந்த ஊருக்கு வர வேண்டிய பேருந்தை வரவிடாமல் செய்தவளே இந்த ரமாபாய்தான்!

சிரிக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு இன்று சொல்கிறேன்.

நண்டுமேடு எங்கே இருக்கிறது? சடையங்குப்பத்தைத் தாண்டி, ஆற்றை ஒட்டி, தொழிற்சாலைப் புகைக்கும் கொக்குக் கூட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. திருவொற்றியூர்க் கரையில் கடல் உங்கள் வீடுகளைக் கரைத்துத் தின்ற பிறகு, பெட்டியும் படுக்கையுமாய் இங்கே வந்து குடியேறினீர்கள். அரசு மனை கொடுத்தது. மின்சாரம் கொடுத்தது. குழாய் கொடுத்தது, சில நாட்களில் அதில் தண்ணீரும் வந்தது. ஆனால் வழி? இங்கிருந்து விம்கோ நகர் மெட்ரோ ஐந்து கிலோமீட்டர். அதில் மூன்று கிலோமீட்டர் கண்டெய்னர் லாரிகளின் ராஜபாட்டை. நடைபாதை உண்டா? இல்லை. விளக்கு உண்டா? கம்பம் உண்டு. ஷேர் ஆட்டோ வருமா? முனை வரைக்கும் வரும்; மீன் கூடையைப் பார்த்தால் அதுவும் வராது. ஒவ்வொரு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழைத் தண்ணீருக்கு மட்டும் இந்த ஊருக்கு வழி தெரிந்தது. பேருந்துக்குத் தெரியவில்லை!

பேருந்து கேட்டு ஊர் மனு போட்டது. ஆயிரம் பேர் குடியிருந்தால் புதிய வழித்தடம் கிடைக்கும் என்று பதில் வந்தது. மக்கள்தொகை எவ்வளவு என்று பார்க்க, சனவரி மாதம் பொங்கல் முடிந்த கையோடு ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வீட்டுக்கு ஒரு வரி. குடும்பத் தலைவர் பெயர், அதற்குப் பக்கத்தில் உறுப்பினர் எண்ணிக்கை. அவ்வளவுதான் படிவம். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தது யார்? நான்!

வந்தேன். கேட்டேன். "அம்மா, வீட்டில் எத்தனை பேர்?" என்றேன். "நானும் என் பொண்ணும்" என்றார் ஒருவர். கொடியிலே மூன்று லுங்கிகள் காய்கின்றன. "ஆண்கள் யாரும் இல்லையா?" என்றேன். "டீ குடி டீச்சர்" என்றார். குடித்தேன். அடுத்த வீட்டில் ஒரு புதுப்பெண். கழுத்தில் தாலிச்சரட்டின் மஞ்சள் கூட இன்னும் மங்கவில்லை. "எத்தனை பேரம்மா?" என்றேன். கடல் இருக்கும் திசையை ஒரு பார்வை பார்த்தாள். "நான் மட்டுந்தான்" என்றாள். "உன் கணவர்?" என்றேன். அவளும் டீ கொடுத்தாள். இருநூற்றுப் பதினோரு வீடு, அன்பர்களே! மூன்று நாளில் நான் குடித்த டீயில் ஒரு படகே மிதக்கும். குடித்த டீக்கு நன்றியாக, கொடியில் தொங்கிய லுங்கிகளைக் கண்டும் காணாமல், சொன்ன எண்ணிக்கையை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அறுநூற்று எண்பத்து நான்கு!

பிப்ரவரியில் கடிதம் வந்தது. ஆயிரத்துக்குக் குறைவு, ஆகவே வழித்தடம் இல்லை. ஒரு வரிக் கடிதம். அந்த ஒரு வரிக்குக் கீழே என் மூன்று நாள் உழைப்பு இணைக்கப்பட்டிருந்தது.

அந்தக் கடிதம் எல்லாருக்கும் வருத்தம். ஆனால் ஒரே ஒரு வீட்டில் அது இடி. முன்வரிசையில், பச்சைச் சேலையில், நான் பெயரைச் சொல்லிவிடுவேனோ என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, குணசுந்தரி அம்மா, அவர் வீடு! அவர் மகள் மலர் இரத்தப் பரிசோதனைப் படிப்பை முடித்த பெண். இராயபுரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. சூலை முதல் தேதி சேர வேண்டும். காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் மலருக்காகக் காத்திருக்க மாட்டார்கள். ஆறரைக்கு அங்கே இருக்க, இருட்டோடு இருட்டாக லாரிச் சாலையில் நடக்க வேண்டும்.

"பஸ்சு இல்லன்னா வேல இல்ல" என்று சொல்லிவிட்டார் குணசுந்தரி அம்மா. "அந்த ரோட்ல என் பொண்ண அனுப்ப மாட்டேன். கடலுக்கு வூட்டு ஆம்பளைங்களக் குடுத்துட்டு உக்காந்துகினு கீறேன். லாரிக்கு வேற ஒருத்தியக் குடுக்கணுமா?"

கணவர் மாரியப்பன், மகன் விமல், இருவரும் விசைப்படகில் போகிறவர்கள். போனால் எட்டு நாள், பத்து நாள். பேருந்து கிடைக்காததால் மகளின் வேலை போகிறது. பேருந்து ஏன் கிடைக்கவில்லை? ஆள் கணக்கு குறைந்ததால். கணக்கு ஏன் குறைந்தது? மலர் என்னைத் தேடி வியாசர்பாடிக்கே வந்து சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் நின்று, "டீச்சர், எங்க ஊர்ல கடல்ல இருக்கிறவங்கள எண்ண மாட்டாங்க" என்றாள்.

எண்ண மாட்டார்கள்! போன ஆள் திரும்பிக் கரையில் கால் வைக்கும் வரைக்கும் அவரைச் சேர்த்து எண்ணிக்கை சொல்வது இந்த ஊரில் வழக்கம் இல்லை. சொன்னால் அந்த எண்ணிக்கையில் குறை விழும் என்று அச்சம். முந்நூறு ஆண் மக்களுக்கு மேல் கடலில் இருந்த வாரத்தில், நான் போய் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறேன். டீ கொடுத்தார்களே, அதுவே பெரிது!

உடனே கிளம்பி வந்தேன். எனக்கு வந்ததே கோபம்! குணசுந்தரி அம்மாவின் வாசலில் நின்று, இதோ இப்போது பேசுகிறேனே, இதே தமிழில் முழங்கினேன். "அறிவியல் யுகத்தில் இப்படியும் ஒரு மூட வழக்கமா? உங்கள் வாயால் இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்கள் மகளுக்கு வழி பிறந்திருக்குமே!" என்றேன். அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார். அரிவாள்மனையில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் டீச்சர்" என்றார். "முன்னாடி ரெண்டு புள்ள தங்கலன்னு, இவனாவது நிக்கட்டும்னு மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சாங்க. நின்னான். வளந்தான். போட்டுக்குப் போனான். அப்போ ஒருத்தர் எதுக்கோ எழுதிக்கினு வந்தாரு. வூட்ல எத்தினி பேருன்னாரு. அஞ்சுன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சி நாலு."

அவர் அழவில்லை. மீனைத் திருப்பிப் போட்டு அரிந்தார். நான்தான் வாசலில் நின்று அழுதேன். அவர் சொன்ன எண்ணுக்கும் தம்பியைக் கொண்டுபோன புயலுக்கும் தொடர்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரிந்தால் மட்டும் வாய் வருமா, சொல்லுங்கள்?

அடுத்து அசோகன் ஐயாவின் அலுவலகம். படியேறினேன், கெஞ்சினேன். "ஐயா, மறு கணக்கெடுப்பு வேண்டும்" என்றேன். "ஒரே ஒரு முறை, நானே வருகிறேன்" என்றார். "மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள், எல்லா ஆண்களும் கரையில் இருப்பார்கள்" என்றேன். "தடைக்காலம் ஏப்ரலில். இந்த ஆண்டின் வழித்தடப் பட்டியல் மார்ச்சோடு முடிகிறது" என்றார். மார்ச் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை என்று தேதி குறித்தார். அதே வாரம் திங்கட்கிழமைதான் படகுகள் அத்தனையும் கிளம்பிப் போயிருந்தன! ஐயா, சிரிக்காதீர்கள். அன்று நீங்கள் சிரிக்கவில்லை.

"குடும்ப அட்டை இல்லியா, ஆதார் இல்லியா?" என்று லாரி மேலிருந்து ஒரு தம்பி கேட்கிறான். இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது. நல்ல கேள்வி தம்பி. அட்டை இருந்தது. எந்த முகவரியில்? கடல் கொண்டுபோன பழைய தெருவின் முகவரியில்! மீனவர் சங்கப் பதிவேட்டில் பெயர் அத்தனையும் இருந்தது. ஆனால் சுற்றியுள்ள ஏழு குப்பத்துக்கும் ஒரே பதிவேடு. யார் எந்த ஊரில் உறங்கி எழுகிறார் என்று அதில் இல்லை.

வியாழக்கிழமை மதியம். நாளை காலை அதிகாரி வருகிறார். வழி ஒன்றும் புலப்படாமல் குணசுந்தரி அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். "சாப்பிட்டுப் போ டீச்சர்" என்றார். சோறு வடித்து, வஞ்சிரக் குழம்பு இறக்கி வைத்திருந்தார். வாசம் என்னை வா வா என்கிறது. எனக்கோ பசி. நானே எழுந்து, அலமாரியில் நிமிர்த்தி வைத்திருந்த ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தேன்.

"ஐயோ, அத்த வையி!" என்று ஒரு சத்தம். பாய்ந்து வந்து என் கையிலிருந்து பிடுங்கினார். "அது விமலுது!"

அப்போதுதான் தட்டைப் பார்த்தேன். விளிம்பில் பொடி எழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. மா. விமல். பக்கத்தில் இன்னொரு தட்டு, அதில் மாரியப்பன். ஒருவன் படகில் போய் முதல் பங்குப் பணம் வாங்கி வந்தால், யானைக்கவுனிப் பக்கம் பாத்திரக் கடைக்குப் போய் அவனுக்கென்று ஒரு தட்டு வாங்கிப் பெயர் வெட்டுவது உங்கள் வழக்கமாம். அவன் கடலில் இருக்கும்போது வேறு யாரும் அதில் சாப்பிடக் கூடாதாம். கவிழ்க்கவும் கூடாதாம். வந்தவுடன் சோறு போடத் தயாராய் அது நிமிர்ந்தே நிற்குமாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வியாசர்பாடியில் எந்தத் தட்டு கிடைக்கிறதோ அந்தத் தட்டில்தான் சாப்பிடுவோம்!

"மன்னித்துவிடுங்கள் அம்மா" என்றேன். அவர் விமலின் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. என் வயிறு கூவுகிறது. அம்மா திரும்பினார்.

"டீச்சர், நாங்க எண்ணித்தான் சொல்லக் கூடாது. பேரு சொல்லலாம். தினம் விளக்கு வெக்கும்போது பேரு சொல்லித்தானே வேண்டிக்கிறோம்? நாளைக்கு அந்த சாரு எண்ண வேணாம். வந்து படிக்கட்டும்."

தாய்மார்களே! அந்தச் சொல்லைச் சொன்னது நானா? பதினெட்டு ஆண்டு கரும்பலகையில் எழுதிய நானா? பட்டம் பெற்ற நானா? இல்லை! மீன் அரிந்த கையோடு நின்ற இந்தக் குணசுந்தரி அம்மா சொன்னார்! தட்டுங்கள் கையை! இந்தக் கைதட்டல்தான் சரியான முகவரிக்குப் போகிறது!

மறுநாள் காலை பத்து மணி. அசோகன் ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார். இறங்கியவர் கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். ஏன்? தெரு முழுவதும் தட்டு! வாசல்தோறும் பலகை போட்டு, பலகை மேல் துணி விரித்து, துணி மேல் துலக்கி வைத்த தட்டு! ஒரு வாசலில் ஒன்று, ஒரு வாசலில் நான்கு! பங்குனி வெயில் பட்டுத் தெருவே பளபளக்கிறது! ஒவ்வொரு பலகைக்குப் பக்கத்திலும் ஒரு பெண். எங்கள் ஐயா கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு என்ன சொன்னார்?

"தட்டை எல்லாம் எண்ணி பஸ் விட முடியாதுங்க" என்றார்.

"நீ எண்ணாத சார்" என்றார் குணசுந்தரி அம்மா. "குனிஞ்சி படி."

அன்புடையீர், ஒரு அரசு அதிகாரி குனிந்தார்! முதல் தட்டைப் படித்தார். "மாரியப்பன்" என்றார். "வருவாரு!" என்றார் அம்மா. இரண்டாவது தட்டு. "விமல்." "வருவான்!" அடுத்த வாசல், பட்டம்மாள் அக்கா. "தங்கப்பாண்டி." "வருவான் என் ராசா!" அடுத்த வாசலில் அந்தப் புதுப்பெண். அவர் படிப்பதற்கு முன்னாலேயே, "வருவாரு!" என்று கத்திவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். படிக்கிறார், பதில் வருகிறது. படிக்கிறார், பதில் வருகிறது. பத்தாவது வாசலில் பக்கத்து வாசல்களும் சேர்ந்துகொண்டன. இருபதாவது வாசலில் தெருவே சேர்ந்துகொண்டது. வருவான்! வருவான்! வருவான்! நானும் கத்தினேன். எனக்கு யார் வர வேண்டும்? யாரும் இல்லை. ஆனாலும் கத்தினேன்! ஜீப் ஓட்டுநர் கூடக் கத்தினார்!

தெருவின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பும்போது, குணசுந்தரி அம்மா அவருக்கு எதிரே வந்து நின்றார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பழைய தட்டை எடுத்தார். விளிம்பு நசுங்கியிருந்தது. அசோகன் ஐயா பேனாவை எடுத்தார். "எழுத வேணாம் சார். இவன் கணக்குல இல்ல. எல்லாரு பேரும் படிச்சியே, இதையும் ஒருவாட்டி படிச்சிட்டுப் போ."

ஐயா பேனாவைச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "மண்ணாங்கட்டி" என்று படித்தார்.

"இருந்தான்" என்றார் அம்மா.

தெரு அப்படியே நின்றது. பிறகு ஐயா அந்தத் தட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். ஐயா, நீங்கள் மேடையில் இருப்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு கைக்காகத்தான் உங்களுக்கு இன்று இவ்வளவு பெரிய மாலை.

எழுதிய பெயர்களை எடுத்துக்கொண்டு நேரே சங்கத்துக்குப் போனார். பதிவேட்டில் ஒவ்வொரு பெயராய் ஒத்துப் பார்த்தார். பெயர் பதிவேட்டில் இருந்தது. எந்த ஊரில் சாப்பிடுகிறவர் என்பது தட்டில் இருந்தது. இரண்டும் பொருந்தின! மார்ச் முப்பத்தொன்று மாலைக்குள் நண்டுமேடு பட்டியலில் ஏறியது. ஆயிரத்தைத் தாண்டி ஏறியது! அறுநூற்று எண்பத்து நான்கு என்று எழுதிய என் பழைய தாளின் மேல் ஐயா சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். நாற்பது பிள்ளைகளின் தாளில் கோடு போடுகிற எனக்கு, என் தாளில் விழுந்த அந்தக் கோட்டைப் போல் இனிப்பான கோடு இதுவரை வாய்த்ததில்லை!

இன்று சூலை முதல் தேதி. காலை ஐந்து இருபது. வந்ததா இல்லையா? வந்தது! வாழை கட்டி, வேப்பிலை கட்டி, யாரோ ஒரு தம்பி முன்கண்ணாடியில் இறால் படம் வேறு வரைந்து வைத்திருக்க, நண்டுமேடு முதல் விம்கோ நகர் வரை என்று பலகை மாட்டிய பேருந்து வந்தது! இருபத்தெட்டுப் பேர் உட்காரும் வண்டியில் எத்தனை பேர் ஏறினோம் என்று நான் சொல்ல மாட்டேன். மூச்சு விட முறை வைத்தோம் என்று மட்டும் சொல்கிறேன்.

மலர் ஏறினாள். மகளை மெட்ரோ வரைக்கும் கொண்டு விட, தலைக் கூடையோடு குணசுந்தரி அம்மாவும் ஏறினார். நடத்துநர் செங்குட்டுவன் புதியவர். பாவம், ஊர் வழக்கம் தெரியாது. கட்டணமில்லாச் சீட்டைக் கிழிக்கத் தயாராய் நின்றுகொண்டு, ஊரிலுள்ள எல்லா நடத்துநரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார். "எத்தனை பேரும்மா?"

வண்டியே அவர் பக்கம் திரும்பியது! அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவ பேரு மலரு, இவளுக்குக் குடு. என் பேரு குணசுந்தரி, எனக்குக் குடு. மத்தவங்கள நீயே பேரு கேட்டுக்கோ" என்றார். செங்குட்டுவன் என்னைப் பார்த்தார். "தம்பி, இந்த வழித்தடத்தில் அப்படித்தான். பெயரைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்" என்றேன். விம்கோ நகர் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பிள்ளைக்கு இந்த ஊரில் பாதிப் பேரின் பெயர் மனப்பாடம்!

ஊர் என்றால் என்ன, அன்பர்களே? வரைபடத்தில் ஒரு புள்ளியா? படிவத்தில் ஒரு வரியா? வரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டமா? கட்டத்துக்குள் நான் எழுதுகிற எண்ணா? எண்ணை யாரும் தேடுவதில்லை. எண்ணுக்கு யாரும் குழம்பை மூடி வைத்துக் காத்திருப்பதில்லை. எண் வரத் தாமதமானால் யாரும் கரைக்கு ஓடுவதில்லை! பெயருக்குத்தான் ஓடுகிறோம்! பெயருக்குத்தான் காத்திருக்கிறோம்! பெயரைச் சொல்லித்தான் பேருந்தையும் வாங்கியிருக்கிறோம்! எத்தனை பேர் என்று கேட்டேன், ஊருக்கு வழி அடைபட்டது. யார் யார் என்று கேட்டோம், வழி திறந்தது! இனி எந்த ஊருக்குப் படிவம் தூக்கிக்கொண்டு போனாலும் இந்த ரமாபாய் முதலில் பெயரைத்தான் கேட்பாள். டீயும் குடிப்பாள், அது வேறு.

தலைவர் ஐயா ஒரு துண்டுச் சீட்டு நீட்டுகிறார். என்ன ஐயா? "உரை முடியும்போது நமது ஊரின் மக்கள்தொகை எவ்வளவு என்று அறிவிக்கவும்." ஐயா, கணக்கெடுக்க வந்தவளே நான்தான். எண் என் பையில் இருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன். ஏன்? சனிக்கிழமை கிளம்பிய படகுகள் இன்னும் திரும்பவில்லை. மாரியப்பன் அண்ணன் கடலில் இருக்கிறார். விமல் கடலில் இருக்கிறான். தங்கப்பாண்டி இருக்கிறான். அவர்கள் வரட்டும். வந்து கரையில் கால் வைக்கட்டும். அன்றைக்குக் கூப்பிடுங்கள், வந்து அறிவிக்கிறேன். ஆமாம், டீயுடன் கூப்பிடுங்கள்.

என்ன சத்தம் அது? ஹாரனா? ஐந்து மணி வண்டியா! உட்காருங்கள், உட்காருங்கள், அது நாளைக்கும் வரும்! யார் கேட்கிறார்கள்! பாய் எல்லாம் காலியாகிறது! லாரி மேலிருந்த தம்பிகள் கூட இறங்கிவிட்டார்கள். நான் சொன்னபோது இறங்கவில்லை! குணசுந்தரி அம்மா எழுந்துவிட்டார். அம்மா, மெல்ல! பந்தல் கயிறு தடுக்கும்! வண்டி நின்றுவிட்டது. கூட்டம் மறைக்கிறது, எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள், வந்துவிட்டாளா? முதல் நாள் வேலை முடிந்து வந்துவிட்டாளா?

"மலரூ!"

கேட்டதா அசோகன் ஐயா? ஒலிபெருக்கி இல்லாமலேயே தெருமுனை வரை கேட்கிறதே, அந்தக் குரல்! இந்த ஊரில் கணக்கெடுப்பு இப்படித்தான் நடக்கும். ஒருத்தி வந்து சேர்ந்துவிட்டாள், எழுதிக்கொள்ளுங்கள்!

மேடையில் மிச்சம் இருக்கும் உங்கள் இருவருக்காகவாவது முடித்துக்கொள்கிறேன். தலைமை தாங்கிய பெரியவருக்கும், குனிந்து படித்த அதிகாரிக்கும், பந்தல் போட்ட கைகளுக்கும், எனக்கு முதுகு காட்டிப் பேருந்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும் என் அருமை நண்டுமேட்டு மக்கள் ஒவ்வொருவருக்கும், கடல்மேல் இருப்பவர்களுக்கும் சேர்த்தே, இந்த வியாசர்பாடிக்காரியின் நெஞ்சு நிறைந்த நன்றியும் வணக்கமும். நானும் வண்டியைப் பிடிக்க வேண்டும், வழி விடுங்கள்!